பெருந்தீவு ஒன்றின் நீளத்துக்குச் சுங்கச்சாலை அமைப்பது எப்படி: சுமத்ரா வழியாக ஒரு வழிகாட்டி

ஒரு பெருந்தீவின் தென்முனையிலிருந்து வடமுனை வரை சுங்கச்சாலை போட வேண்டும் என்ற ஆணை ஓர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததும், அங்கே இருப்பவர்கள் முதலில் செய்வது வரைபடத்தை விரித்து ஒரு கோடு இழுப்பதுதான். கோடு இழுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கோட்டை யாரும் ஒரே மூச்சில் கட்டப் போவதில்லை. அது இருபது, இருபத்தைந்து துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனியே நிலம் எடுத்து, தனியே கடன் வாங்கி, தனியே திறக்கப்பட்டு, பல ஆண்டுகள் தனியாகவே நின்று, பிறகுதான் அடுத்த துண்டோடு கைகோக்கும். ஆகவே எந்தத் துண்டை முதலில் எடுப்பது, அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டு கேள்விகளையும் வேலையின் தொடக்கத்திலிருந்து கடைசி நாள் வரை கையில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். இந்த வழிகாட்டி இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. தெற்கே லாம்பூங் மாகாணத்தின் பக்காவுஹேனி துறைமுகத்திலிருந்து வடக்கே பண்டா ஆச்சே வரை, கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட சுமத்ரா நெடுஞ்சுங்கச்சாலையில், இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றை நேரில் காணலாம்.

தீவின் முதுகைப் பார்த்துத் தடம் தேர்தல்

சுமத்ரா ஏறத்தாழ 1,790 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. அதன் மேற்குக் கரையை ஒட்டி புக்கிட் பாரிசான் மலைத்தொடர் தலையிலிருந்து கால்வரை ஓடுகிறது. அந்த மலைகளின் ஊடாகவே சுமத்ராப் பெரும்பிளவு என்னும் நிலநடுக்கக் கோடும் செல்கிறது. கிழக்கே நிலம் தாழ்ந்து, மூசி, பத்தாங் ஹாரி, இந்திராகிரி, கம்பார், சியாக் ஆகிய ஆறுகள் வளைந்து நெளிந்து கிழக்குக் கடற்கரைப் பக்கம் இறங்குகின்றன. மேற்கே சென்றால் மலையைக் குடைய வேண்டும். கிழக்கே சென்றால் சதுப்பில் மிதக்க வேண்டும். திட்டமிட்டவர்கள் முதுகெலும்புத் தடத்தைக் கிழக்கே வைத்தார்கள். மக்களும் செம்பனைத் தோட்டங்களும் எண்ணெய் வயல்களும் பெரிய துறைமுகங்களும் அந்தப் பக்கமே இருந்ததால், அது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். மேற்குக் கரை நகரங்களுக்கு அந்த முதுகெலும்பிலிருந்து கிளைகள் திட்டமிடப்பட்டன: பலெம்பாங்கிலிருந்து பெங்குலுவுக்கு, பெக்கன்பாருவிலிருந்து படாங்குக்கு, மேடானிலிருந்து சிபோல்காவுக்கு. இந்தோனேசியர்கள் இந்தக் கிளைகளை மீன் துடுப்பைக் குறிக்கும் சொல்லாலேயே அழைக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அது பொருத்தமான பெயர் என்பது விளங்கும்.

(சிபோல்காவுக்கு வடமேற்கே உள்ள பாருஸ் என்ற கடற்கரை ஊரில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரத்துக்காக அவர்கள் அங்கே சென்றது கடல்வழியாக. மலையைக் கடந்து அந்தக் கரைக்குச் செல்வது அன்றும் எளிதாக இருந்திருக்காது.)

தடம் தேர்வுக்கு நடைமுறையில் சில விதிகள் உண்டு. பழைய நெடுஞ்சாலைக்கு மிக அருகில் போனால் நிலவிலை எகிறும். மிகத் தள்ளிப் போனால் வண்டிகள் வந்து ஏறா. பழைய சாலைக்கு இணையாக, அதை அடிக்கடி தொடக்கூடிய தொலைவில், ஊர்களின் புறத்தே செல்லும் தடமே பெரும்பாலும் பொருந்தும். செயற்கைக்கோள் படத்தில் பசுமையாகத் தெரியும் இடம் காடா, தோட்டமா, சதுப்பா என்பதை ஆள் நேரில் சென்று பார்த்தாலொழிய நம்பக் கூடாது. குறிப்பாக, மழைக்காலத்தின் உச்சத்தில் ஒருமுறையாவது தடம் முழுவதையும் நடந்தோ படகிலோ கடந்து, வீட்டுத் தூண்களில் வெள்ளம் விட்டுச் சென்ற கறையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மழைமானிப் பதிவேட்டில் இல்லாத பல செய்திகளை அந்தக் கறைகள் தரும்.

காட்டு விலங்குகளின் வழித்தடங்களையும் இந்தக் கட்டத்திலேயே தடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 131 கிலோமீட்டர் நீளமுள்ள பெக்கன்பாரு–தூமாய் சாலை யானைகள் நடமாடும் பகுதியை வெட்டிச் செல்கிறது. ஆகவே யானைகள் கீழே கடந்து செல்லும்படி சாலைக்கு அடியில் உயரமான வழிகள் விடப்பட்டன. இவ்வழிகளை ஆற்றுப் பாலங்களோடு சேர்த்து அமைப்பது நல்லது. யானை நீரோரமாகவே நடந்து பழகிய விலங்கு என்பதால், பாலத்தை இரு கரைகளிலும் சற்று நீட்டிவிட்டாலே அதற்குப் பாதை கிடைத்துவிடும். திட்டம் கட்டி முடிந்த பிறகு மண்கரையை உடைத்து வழி செய்வதற்கு ஆகும் செலவை இதோடு ஒப்பிடவே முடியாது.

முதல் துண்டும் அது முடியும் இடமும்

சுமத்ராவின் முதல் சுங்கச்சாலை 1986இல் திறக்கப்பட்ட பெலாவான்–மேடான்–தஞ்சோங் மொராவா சாலை. துறைமுகத்தையும் நகரத்தையும் இணைத்த அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீவின் ஒரே சுங்கச்சாலையாகவே இருந்தது. 2014 செப்டம்பரில் வெளியான 100ஆம் எண் குடியரசுத் தலைவர் ஒழுங்காணை, நெடுந்தடத்தின் பொறுப்பை அரசு நிறுவனமான ஹுத்தாமா கார்யாவிடம் ஒப்படைத்தபோது, முதலில் நான்கு துண்டுகளையே பெயர் சொல்லிக் கொடுத்தது: மேடான்–பிஞ்சாய், பலெம்பாங்–இந்திரலாயா, பெக்கன்பாரு–தூமாய், பக்காவுஹேனி–தெர்பங்கி பெசார். இந்த நான்கும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டும் பெருநகரத்தை அதன் அண்டை ஊரோடு இணைக்கும் குறுந்துண்டுகள். மூன்றாவது உள்நாட்டு நகரத்தைத் துறைமுகத்தோடு இணைப்பது. நான்காவது ஜாவாவிலிருந்து படகில் வந்து இறங்கும் வண்டிகளை ஏற்றுக்கொள்வது. அடுத்த துண்டு பத்தாண்டுகள் தாமதமானாலும் இவை ஒவ்வொன்றுக்கும் அன்றாடம் ஓடும் வண்டி உண்டு. துண்டு தேர்வுக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது: “இதற்கு அப்பால் எதுவும் கட்டப்படாமலே போனால், இந்தச் சாலையில் யார் போவார்கள்?” என்று கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத துண்டு வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும்.

துண்டு எங்கே முடிகிறது என்பது, எங்கே தொடங்குகிறது என்பதைவிட ஆபத்தான கேள்வி. இதற்கான பாடம் பக்கத்துத் தீவான ஜாவாவில் கிடைத்தது. 2016 ஜூலையில் நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பியவர்கள், அதற்குச் சில வாரங்கள் முன்பு திறக்கப்பட்டிருந்த புதிய சுங்கச்சாலையில் விரைந்து வந்து, அது முடிந்த பிரெபெஸ் என்ற சிறு நகரத்தின் வெளியேறு வாயிலில் குவிந்தனர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி ஓடி வந்த வண்டிகள் அனைத்தையும், கடைத்தெருவும் சந்திப்புகளும் உள்ள ஓர் உள்ளூர்ச் சாலை விழுங்க வேண்டியிருந்தது. நெரிசல் நாள்கணக்கில் நீடித்தது. எரிபொருள் தீர்ந்து வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வெப்பத்தாலும் களைப்பாலும் பத்துப் பேருக்கு மேல் இறந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த வாயிலுக்கு மக்கள் வைத்த கிண்டல் பெயர், அப்போது உலகச் செய்திகளில் அடிபட்ட ‘பிரெக்சிட்’. அந்தச் சாலை நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. அது முடிந்த இடம்தான் பொருந்தவில்லை.

ஆகவே, துண்டின் தற்காலிக முடிவைத் தீர்மானிக்கும்போது நான்கு வழிச்சாலையையோ புறவழிச்சாலையையோ தொடும் இடத்தைத் தேட வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால், இணைப்புச் சாலையை அகலப்படுத்தும் செலவையும் அந்தத் துண்டின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். அது வேறு துறையின் வேலை என்று விட்டுவிட்டால், திறப்பு விழா நாளில் அந்தத் துறையின் வேலை தொடங்கியிருக்கவே வாய்ப்பில்லை. தீவு என்பதால் இன்னொரு முனையும் உண்டு. ஜாவாவையும் சுமத்ராவையும் சுந்தா நீரிணையின் மேல் பாலம் கட்டி இணைக்கும் திட்டம் நெடுங்காலம் பேசப்பட்டு 2014இல் கைவிடப்பட்டது; இன்றும் வண்டிகள் மேராக் துறையிலிருந்து படகில் ஏறித்தான் பக்காவுஹேனியில் இறங்க வேண்டும். சாலையின் கொள்ளளவைப் படகுகளின் கொள்ளளவோடு ஒப்பிடாமல் தடங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கக் கூடாது. ஒரு படகு ஒரே நேரத்தில் நூறு வண்டிகளை இறக்கிவிட்டு, அடுத்த படகு வரும்வரை வாயில் வெறிச்சோடிக் கிடக்கும்; துறைமுக முனையில் உள்ள சாவடிக்கு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் கூடங்கள் தேவை.

பணம்: நாட்டுக்கு இலாபம், கணக்குக்கு நட்டம்

பெருந்தீவுச் சாலைகளின் நிதிக் கணக்கில் இரண்டு விடைகள் வரும். பயண நேரம், எரிபொருள், சரக்கின் விலை, நிலத்தின் மதிப்பு ஆகியவற்றையெல்லாம் சேர்த்தால் நாட்டுக்கு இலாபம் என்று ஒரு விடை. சுங்கக் கட்டணத்தை மட்டும் வைத்துக் கடனை அடைக்கப் பார்த்தால் நட்டம் என்று இன்னொரு விடை. சுமத்ராவின் பெரும்பாலான துண்டுகள் இப்படித்தான் இருந்தன; அதனால் ஏலம் விட்டாலும் தனியார் முன்வர மாட்டார்கள் என்று கருதி, அரசு அதைத் தன் சொந்த நிறுவனத்திடம் கட்டளையாகவே கொடுத்து, பட்ஜெட்டிலிருந்து மூலதனம் செலுத்தி, கடன்களுக்கு உத்தரவாதமும் அளித்தது.

இந்த முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் மூன்று செய்திகளை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். முதலாவது, அரசின் மூலதனம் எந்த ஆண்டு எவ்வளவு வரும் என்பது. கட்டுமானம் பாதியில் இருக்கும்போது தவணை தள்ளிப்போனால், வேலை நின்றாலும் வட்டி நிற்காது. இரண்டாவது, திறந்த முதல் சில ஆண்டுகளில் போக்குவரத்து மதிப்பீட்டைவிடக் குறைவாக இருக்கும் என்ற உண்மையை நிதித் திட்டத்திலேயே ஒப்புக்கொள்வது. பழைய சாலை கட்டணமின்றித் திறந்தே கிடக்கையில், லாரி உரிமையாளர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காலம் எடுக்கும், சிலர் மாற்றிக்கொள்ளவே மாட்டார்கள். மூன்றாவது, கட்டண உயர்வின் விதி. இந்தோனேசியாவின் 2004ஆம் ஆண்டு சாலைச் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணவீக்கத்தைக் கொண்டு கட்டணத்தைத் திருத்தலாம் என்கிறது. அதற்குமுன் சாலை குறைந்தபட்சச் சேவைத் தரத்தை எட்டியிருக்கிறதா என்று பார்க்கப்படும். விதி சட்டத்திலேயே இருந்தால், ஒவ்வொரு உயர்வுக்கும் அமைச்சரின் துணிச்சலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

வருவாய் மிகுந்த துண்டு வருவாய் குறைந்த துண்டைத் தாங்குவதற்கு ஜப்பான் கண்ட வழி எளிமையானது. ஹொன்ஷு தீவில் 1963இல் மெய்ஷின் விரைவுச்சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1972 முதல் எல்லாத் தடங்களின் வருவாயும் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டு, மொத்தக் கடனும் அதிலிருந்தே அடைக்கப்பட்டது. இதில் ஓர் அபாயமும் உண்டு: தொகுப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் வண்டியே இல்லாத மலைக்கிராமங்களுக்கும் விரைவுச்சாலை கேட்கும் அரசியல் வளர்ந்துவிடும். சுமத்ராவில் வேறொரு முறை கையாளப்பட்டது. 2023இல் மேடான்–பிஞ்சாய், பக்காவுஹேனி–தெர்பங்கி பெசார் ஆகிய ஓடும் சாலைகளின் வசூல் உரிமை, இந்தோனேசிய அரசின் முதலீட்டு நிதியத்திடம் கைமாறியது. அந்தப் பணம் மற்றத் துண்டுகளின் சுமையைக் குறைக்கப் பயன்படுகிறது. என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த இரண்டாவது முறையே பாதுகாப்பானது. விற்பதற்கு முன் ஒரு சாலை தன் வண்டிகளின் எண்ணிக்கையைக் காட்டியாக வேண்டும் அல்லவா? தொகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை.

நிலம்

சாலை எல்லை 100 மீட்டர் அகலம் என்று கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 10 ஹெக்டேர் நிலம் தேவை. 140 கிலோமீட்டர்த் துண்டுக்கு 1,400 ஹெக்டேர். இதில் 1,390 ஹெக்டேர் கைக்கு வந்துவிட்டது என்பதில் மகிழ ஒன்றுமில்லை. வராத பத்து ஹெக்டேர் நடுவில் சிதறிக் கிடந்தால் சாலையைத் திறக்க முடியாது. மேடான்–பிஞ்சாய் வெறும் 17 கிலோமீட்டர்தான். அதன் பிஞ்சாய்ப் பக்கத்துப் பகுதிகள் 2017 அக்டோபரிலேயே திறக்கப்பட்டன. ஆனால் மேடான் நகரின் ஓரத்தில் உள்ள தஞ்சோங் முலியாவில், ஒரே மனைக்கு ஒன்றுக்கு மேற்பட்டோர் பத்திரம் வைத்திருந்த சிக்கலால் எஞ்சிய பகுதி பல ஆண்டுகள் இழுபட்டது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இது: நில எடுப்பைச் சுலபமான வயல்வெளியிலிருந்து தொடங்கி விழுக்காட்டைக் காட்டி மகிழாமல், பத்திரம் சிக்கலான மனைகளையும் கல்லறைகளையும் வழிபாட்டிடங்களையும் முதல் மாதத்திலேயே பட்டியலிட்டு, அவற்றுக்குத் தனி ஆட்களை அமர்த்த வேண்டும். இந்தோனேசியாவின் 2012ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி, ஆளுநர் இடத்தை அறிவித்த பிறகு தனியுரிமை பெற்ற மதிப்பீட்டாளர் விலையை நிர்ணயிக்கிறார். உரிமையாளர் யார் என்பதில் தகராறு இருந்தால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிலத்தை எடுக்கலாம். 2016 முதல் நிலத்துக்கான பணத்தை நிதி அமைச்சகத்தின் கீழுள்ள அரசு சொத்து மேலாண்மை அமைப்பு வழங்குகிறது. நிலப்பணத்தைக் கட்டுமான நிறுவனத்தின் கணக்கிலிருந்து பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடு. விவசாயிக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்ததாரரின் கையிருப்பு தீர்மானிக்கும் நிலை அதனால் ஓரளவு மாறியது.

மேற்குச் சுமத்ராவில் இந்த நடைமுறை போதவில்லை. அங்கே மினாங்கபாவு மக்களின் நிலத்தில் பெரும்பகுதி ‘உலாயத்’ எனப்படும் குலப் பொதுச்சொத்து. அது தாய்வழியாக வருவது. வயலில் நாற்று நடுகிறவர் ஒருவர், அதன்மேல் உரிமை கொண்ட குடும்பங்கள் பல, குலத்தின் சார்பில் பேசும் தாய்மாமன் தலைவர் வேறொருவர், அந்த மரபில் வந்து ஜகார்த்தாவிலோ மலேசியாவிலோ வாழும் உறவினர்களோ எண்ணற்றவர்கள். இப்படிப்பட்ட நிலத்துக்கு ஒற்றைக் கையொப்பம் என்று ஒன்று இல்லை. படாங்–சிச்சின்சின் என்ற ஏறத்தாழ 36 கிலோமீட்டர்த் துண்டுக்கு 2018 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டப்பட்டும், வண்டிகள் அதில் ஓடிப்பார்க்க ஆறாண்டுகளுக்கு மேல் ஆனதற்கு நிலமே முதன்மைக் காரணம். குலநிலம் உள்ள பகுதியில் அளவைக் கல் நடுவதற்கு முன்பே, நாகரி எனப்படும் ஊர்மன்றத்தில் குலத் தலைவர்களைக் கூட்டி, யார் யாருக்கு எந்த விகிதத்தில் பணம் சேரும் என்பதை அவர்களே எழுதிக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். அதற்கு ஓராண்டு ஆகலாம். அந்த ஓராண்டைக் கால அட்டவணையில் வெளிப்படையாகவே போட்டுவிடுவது, பின்னால் ஐந்தாண்டுகளை ஒளித்து வைப்பதைவிட நேர்மையானது.

சதுப்பின் மேல் சாலை

கிழக்குச் சமவெளியின் பெரும்பரப்பு பீட் எனப்படும் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் மூழ்கி, மக்கி முடியாத மரமும் வேரும் இலையும்தான் அது. கையில் எடுத்துப் பிழிந்தால் கறுப்புத் தேநீர் போன்ற நீர் வடியும், விரலிடுக்கில் நார் மிஞ்சும். இதன் மேல் மண்கரை எழுப்பினால், நீர் கசிந்து வெளியேற வெளியேறக் கரை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு. மேலே 30 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும், பக்கங்களில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் கிடையாக விரியும் சரிவும் கொண்ட கரைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 1,52,000 கனமீட்டர் மண் வேண்டும். ஒரு டிப்பருக்குப் பத்து கனமீட்டர் என்றால் பதினைந்தாயிரம் நடைக்கு மேல். கரை 2 மீட்டர் அமிழ்ந்தால் அந்த 2 மீட்டரையும் மறுபடி நிரப்ப வேண்டும். சதுப்புப் பகுதியில் நல்ல மண் பக்கத்தில் கிடைக்காது. ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே மண்ணும் மணலும் எடுக்கும் இடங்களையும், டிப்பர்கள் ஓடப்போகும் ஊர்ச்சாலைகளின் நிலையையும் ஆய்ந்துவிட வேண்டும்.

சதுப்பைக் கையாளச் சில வழிகள் உண்டு. ஆழம் குறைவாக இருந்தால் பீட்டை வாரி எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்பலாம். ஆழம் மிகுந்தால் தூண்களின் மேல் காங்கிரீட் பலகையாகச் சாலையைத் தூக்கி நிறுத்தலாம். செலவு கூடும், ஆனால் அமிழும் கவலை இல்லை. இரண்டுக்கும் நடுவே, பலெம்பாங்–இந்திரலாயா சாலையில் கையாளப்பட்ட வெற்றிட இறுக்க முறை இருக்கிறது. அதைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது.

முதலில் ஆட்களும் இயந்திரமும் நிற்பதற்காகச் சதுப்பின் மேல் நெய்துணியும் மணலும் விரிக்கப்படுகின்றன. பிறகு உயரமான கோபுரம் கொண்ட இயந்திரம், உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் வடிநாடாவை எஃகுக் கூட்டுக்குள் வைத்து, கெட்டி மண் தட்டும்வரை நேர்கீழே குத்திவிட்டுக் கூட்டை மட்டும் உருவி எடுக்கிறது. தலைப்பைக் கத்தரித்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி அடுத்த நாடா. இப்படி வயல் முழுவதும் நாற்று நட்டதுபோல் நாடாத் தலைகள் நிற்கும். அவற்றைக் கிடைமட்டக் குழாய்களோடு இணைத்து, மேலே காற்றுப் புகாத விரிப்பைப் போர்த்தி, அதன் விளிம்புகளை ஓரத்து அகழியில் களிமண்ணால் மூடிப் பம்புகளை ஓடவிடுகிறார்கள். விரிப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையக் குறைய, மேலே உள்ள வளிமண்டலமே சுமையாகி அழுத்துகிறது; நடைமுறையில் கிடைக்கும் 70 முதல் 80 கிலோபாஸ்கல் அழுத்தம், ஏறத்தாழ 4 மீட்டர் உயர மண்கரையின் எடைக்குச் சமம். அத்தனை மண்ணை உண்மையிலேயே கொண்டுவந்து கொட்டினால் சதுப்பு பக்கவாட்டில் பிதுங்கிக் கரையே சரிந்துவிடக்கூடும். வெற்றிட முறையில் அந்தச் சரிவு அபாயம் வெகுவாகக் குறைகிறது.

இந்த முறையில் கண்காணிப்பே பாதி வேலை. விரிப்பில் ஒரு விரல்நுனி ஓட்டை விழுந்தாலும் அழுத்தமானியின் முள் இறங்கிவிடும். ஒருவர் குனிந்து சீறும் ஒலியைக் காதால் தேடிக் கண்டுபிடித்து ஒட்ட வேண்டும். பம்புகளுக்கு மாதக்கணக்கில் இரவும் பகலும் மின்சாரம் தேவை, மாற்று ஜெனரேட்டரும் தேவை. அமிழ்வுத் தகடுகளை நாள்தோறும் அளந்து வரைபடமாக்கி, அந்த வளைகோடு தட்டையாகும்வரை தளவேலையைத் தொடங்கவே கூடாது. திறப்பு விழாத் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்ட இடங்களில் இந்த விதியே முதலில் மீறப்படுகிறது. அதன் விளைவு இரண்டாவது மழைக்காலத்தில் பாலங்களின் இரு முனைகளிலும் தெரியும்: தூண்மேல் நிற்கும் பாலம் அசையாது, அதை ஒட்டிய கரை மட்டும் இறங்கி, ஒவ்வொரு பாலத்திலும் வண்டி ஒருமுறை துள்ளும்.

எடை

தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது வண்டிகளின் எண்ணிக்கையைவிட அச்சின் எடை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சாலைச் சோதனை தந்த தோராய விதிப்படி, சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 10 டன்னுக்கு அமைத்த தளத்தில் 12 டன் அச்சு ஓடினால் சேதம் இரு மடங்கு. 20 டன் ஓடினால் பதினாறு மடங்கு. செம்பனைக் குலைகளும் மரமும் நிலக்கரியும் ஏற்றிய, உடலை நீட்டிக் கட்டிய மிகைபார லாரிகள் சுமத்ராவில் அன்றாடக் காட்சி. கட்டண அமைப்போ அச்சின் எண்ணிக்கையைப் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை: கார், பேருந்து, சிறு லாரி முதல் பிரிவு, இரண்டு அச்சு லாரி இரண்டாவது, ஐந்தும் அதற்கு மேலும் ஐந்தாவது. அச்சு குறைவாகவும் பாரம் மிகையாகவும் உள்ள லாரி, குறைந்த கட்டணத்தில் மிகுந்த சேதம் செய்துவிட்டுப் போகிறது. ஆகவே நுழைவுச் சாவடியிலேயே ஓட்டத்தில் எடை காணும் தகட்டைப் பதித்து, மிகைபார வண்டியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப ஒரு வளைவையும் கட்ட வேண்டும். வெளியேறும்போது தண்டம் விதிப்பதில் பயனில்லை. அதற்குள் சேதம் முடிந்துவிடும்.

திறப்பதற்கு முன்னும் பின்னும்

சாவடி அமைப்பில் நெடுந்தூரச் சாலைக்குப் பொருந்துவது மூடிய முறை: ஏறும் இடத்தில் அட்டையைத் தொட்டுவிட்டு, இறங்கும் இடத்தில் தொலைவுக்கேற்பக் கட்டணம். இந்தோனேசியா 2017 அக்டோபர் முதல் சுங்கச்சாலைகளில் ரொக்கத்தை நிறுத்திவிட்டது. அட்டையில் பணம் தீர்ந்த ஓட்டுநர் ஒருவர் வாயிலில் நின்றால் பின்னால் உள்ள அத்தனை வண்டிகளும் நிற்கும் என்பதால், பணம் ஏற்றும் இடத்தைச் சாவடிக்கு முன்பே, தனியாக ஒதுங்கிய நிறுத்தத்தில் வைக்க வேண்டும்.

ஓய்விடங்களை வணிகம் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. தெர்பங்கி பெசாரிலிருந்து கயு ஆகுங் வரை 2019 நவம்பரில் திறக்கப்பட்ட 189 கிலோமீட்டர் சாலையின் பெரும்பகுதி ஆளரவமற்ற தோட்டமும் சதுப்பும்தான். கழிப்பறை, எரிபொருள், டயர் ஒட்டும் கடை, வெளிச்சமுள்ள நிறுத்தம் ஆகிய நான்கும் இல்லாமல் அப்படிப்பட்ட சாலையைத் திறக்கக் கூடாது. நிரந்தரக் கட்டடம் முடியாவிட்டால் பெட்டி வடிவத் தற்காலிக எரிபொருள் நிலையமாவது வேண்டும். நேர்கோட்டுச் சாலையில் ஓட்டுநர் கண்ணைத் திறந்தபடியே சில நொடிகள் தூங்கிவிடுவது உண்டு. மிக நீண்ட நேர்கோடுகளைத் தவிர்த்து மெல்லிய வளைவுகளை இடையிடையே வைப்பதும், ஓரக்கோட்டில் சக்கரத்தை அதிரவைக்கும் வரிகளை இடுவதும் இதற்குச் செலவு குறைந்த மருந்து.

பெருநாள் கூட்டத்துக்காக முடியாத துண்டைச் சில நாள்கள் மட்டும் கட்டணமின்றித் திறந்துவிட்டு மறுபடி மூடும் பழக்கம் இந்தோனேசியாவில் உண்டு. இது நல்ல ஒத்திகை. பகலில் மட்டும், சிறு வண்டிகளுக்கு மட்டும், ஒரே திசையில், வேகக் கட்டுப்பாட்டோடு என்ற நிபந்தனைகளைத் தளர்த்தாதவரை.

கடைசியாக, துண்டின் தற்காலிக முடிவில் கட்டும் பெருஞ்சாவடியைப் பற்றி. அடுத்த துண்டு வந்து இணையும்போது அந்தச் சாவடி நடுச்சாலையில் பொருளின்றி நிற்கும். வேறு நிறுவனம் நடத்தும் துண்டு என்றால், யார் கணக்கில் யார் வசூல் என்ற பேச்சு முடியும்வரை வண்டிகள் இரண்டு முறை அட்டை தொட வேண்டியிருக்கும். எனவே அந்தச் சாவடியின் கூரையை நட்டு போல்ட்டால் பிரிக்கக்கூடிய எஃகாலும், வாயில்களுக்கு இடையிலுள்ள திட்டுகளைப் பெயர்த்தெடுக்கக்கூடிய காங்கிரீட் கட்டிகளாலும் அமைத்து, வருவாய்ப் பகிர்வு உடன்படிக்கையை அடுத்த துண்டின் கட்டுமானம் தொடங்கும் நாளிலேயே கையெழுத்திட்டு, கருவிகளை அடுத்த முனைக்கு எடுத்துச் செல்லும் செலவை இப்போதே மதிப்பீட்டில் ஒரு வரியாக எழுதி வைக்க வேண்டும்.